டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கி வைப்பது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஎன்ஏ எப்படி நகலாகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். இரண்டு இழைகள் பிரியும், ஒவ்வொன்றும் அச்சாக நிற்கும், பாலிமரேஸ் நொதி எதிர் இழையைக் கட்டிக்கொண்டே போகும். சரி, இதை ஆரம்பித்து வைப்பது யார்? ஒருமுறை முடிந்தபின் மறுபடி ஆரம்பிக்காமல் தடுப்பது யார்? இந்த இடத்தில் பாடப்புத்தகம் ஒரு அம்புக்குறியைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அந்த அம்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

தொடக்கத்துக்கு மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடு?

நகலெடுப்பு ஓட ஆரம்பித்துவிட்டால் அதை நடுவில் நிறுத்தி வைப்பது செல்லுக்கு ஆபத்து. பிரிந்து நிற்கும் இழைகள் எளிதில் அறுந்துபோகும். அதனால் செய்யலாமா வேண்டாமா என்ற முடிவு முழுக்க முதல் அடியிலேயே எடுக்கப்படுகிறது.

கணக்கும் கறாரானது. மனித செல் ஒன்றில் சுமார் 600 கோடி கார இணைகள், அதாவது டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள், உள்ளன. ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவு வரையிலான ஒரு செல் சுழற்சியில் அவை ஒவ்வொன்றும் சரியாக ஒரு தடவை நகலாக வேண்டும். ஒரு துண்டு விடுபட்டால் குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் இழுபடும்போது அந்த இடத்தில் பிய்ந்துவிடும். ஒரு துண்டு இரண்டு தடவை நகலானால் அங்குள்ள மரபணுக்கள் கூடுதலாகும், பின்னால் வரும் நகலெடுப்பு முன்னே போனதன் முதுகில் மோதி இழைகள் முறியும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு.

ஒரு குரோமோசோமுக்கு ஒரு தொடக்கப் புள்ளி போதாதா?

ஈ. கோலை பாக்டீரியாவுக்குப் போதும். அதன் வட்டமான டிஎன்ஏ சுமார் 46 லட்சம் கார இணை நீளம். ஒரே புள்ளியில் தொடங்கி இரண்டு கவைகள், அதாவது இழைகள் பிரிந்து நகலாகும் முனைகள், எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறத்தாழ 1,000 கார இணைகளைக் கடக்கும். வகுத்துப் பாருங்கள், 40 நிமிடத்துக்குள் வட்டம் முடிந்துவிடும்.

மனிதனின் முதல் குரோமோசோம் மட்டுமே சுமார் 25 கோடி கார இணை நீளம். நம் செல்களில் கவை நிமிடத்துக்கு 2,000 கார இணை அளவில்தான் நகரும். நட்ட நடுவில் ஒரே ஒரு புள்ளியில் தொடங்கினால் முடிய 40 நாளுக்கு மேலாகும். ஆனால் நம் செல்கள் இந்த வேலையை எட்டு மணி நேரத்தில் முடிக்கின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் பல்லாயிரம் இடங்களில் தொடங்குவதால்தான் இது முடிகிறது.

அப்படிப் பல்லாயிரம் இடங்களில் தொடங்கும்போதுதான் உண்மையான தலைவலி ஆரம்பிக்கிறது. எந்தப் புள்ளி ஏற்கனவே வேலை செய்துவிட்டது, எது இன்னும் செய்யவில்லை என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கைச் செல் எழுதி வைக்கும் முறைதான் கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல்.

எங்கே தொடங்குவது என்பதைச் செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1963-இல் ஜாக்கோப், பிரென்னர், குசான் ஆகிய மூவரும் ஒரு எளிய மாதிரியை முன்வைத்தார்கள். டிஎன்ஏவில் ஒரு அடையாள இடம் இருக்கும், அதைத் தேடிவந்து உட்காரும் ஒரு புரதம் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் நகலெடுப்பு தொடங்கும். பாக்டீரியாவில் இது அச்சு அசலாகப் பொருந்தியது. அடையாள இடத்தின் பெயர் ஓரிசி, புரதத்தின் பெயர் டிஎன்ஏ-ஏ.

ரொட்டி ஈஸ்டிலும் ஓரளவு பொருந்துகிறது. 1979-இல் ஈஸ்ட் டிஎன்ஏவிலிருந்து எடுத்த சில துண்டுகள், எந்த வளைய டிஎன்ஏவில் ஒட்டினாலும் அதைத் தானாக நகலாக வைப்பது தெரியவந்தது. அந்தத் துண்டுகளில் பொதுவாக 11 எழுத்து நீளமுள்ள ஒரு வரிசை இருந்தது. அதன்மேல் வந்து உட்காரும் ஆறு உறுப்புப் புரதக் கூட்டை 1992-இல் ஸ்டீபன் பெல்லும் புரூஸ் ஸ்டில்மனும் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஓஆர்சி என்று பெயர்.

மனித செல்லில் இந்தக் கதை கலைந்துவிடுகிறது. இங்கேயும் ஓஆர்சி உண்டு, ஆனால் அது குறிப்பிட்ட எழுத்து வரிசை எதையும் தேடுவதில்லை. டிஎன்ஏ எங்கே இறுக்கமாகச் சுருண்டிருக்கவில்லையோ, எங்கே மரபணுக்கள் படிக்கப்படத் தொடங்குகின்றனவோ, அந்த மாதிரி இடங்களை விரும்பி அமர்கிறது. ஆகவே 'மனிதனின் தொடக்க வரிசை என்ன?' என்று தேர்வில் கேட்டால் கேள்வியே தப்பு.

பாக்டீரியா எப்போது தொடங்குவது என்று எப்படி முடிவு செய்கிறது?

டிஎன்ஏ-ஏ புரதம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைப் பிடித்துக்கொண்டிருந்தால் சுறுசுறுப்பு, அந்த ஏடிபி உடைந்து ஒரு பாஸ்பேட்டை இழந்துவிட்டால் சோம்பல். செல் வளர வளர சுறுசுறுப்பான டிஎன்ஏ-ஏ சேர்ந்துகொண்டே வரும். ஓரிசியில் அது உட்கார்வதற்கென்று பல இடங்கள் உண்டு. சில இறுக்கமாகப் பிடிப்பவை, அவை எப்போதும் நிரம்பியிருக்கும். மற்றவை பலவீனமானவை, சுறுசுறுப்பான புரதம் தாராளமாகக் கிடைத்தால்தான் நிரம்பும்.

எல்லாம் நிரம்பியதும் அந்த இடத்து டிஎன்ஏ முறுக்கேறி வளைகிறது. பக்கத்திலேயே ஏ, டி எழுத்துகள் மலிந்த ஒரு பகுதி இருக்கிறது. ஏ-டி இணையைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டுமே, ஜி-சி இணைக்கு மூன்று. அதனால் அந்தப் பகுதி முதலில் விட்டுக்கொடுத்துத் திறக்கிறது. திறந்த இடத்தில் டிஎன்ஏ-சி என்ற துணைப்புரதம் இழைகளைப் பிரிக்கும் டிஎன்ஏ-பி ஹெலிகேஸ் வளையங்களைக் கொண்டுவந்து மாட்டுகிறது, திசைக்கு ஒன்றாக. அதன்பின் பாலிமரேஸ் வந்து சேர்கிறது.

1968-இல் வில்லியம் டோனகி கவனித்த ஒன்று இதோடு பொருந்துகிறது. வேகமாக வளரும் செல்லானாலும் மெதுவாக வளர்வதானாலும், நகலெடுப்பு தொடங்கும் நேரத்தில் ஒரு தொடக்கப் புள்ளிக்கு இவ்வளவு செல் நிறை என்ற விகிதம் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. பாக்டீரியா கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, தன் உடம்பைப் பார்க்கிறது என்று சொல்லலாம்.

தொடங்கிய உடனே அதே இடத்தில் மறுபடி தொடங்காமல் எது தடுக்கிறது?

மூன்று வழிகள், மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பவை. முதலாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஓரிசி வெறும் 245 கார இணை நீளம். அந்தச் சின்ன இடத்துக்குள் ஜிஏடிசி என்ற நான்கெழுத்து 11 தடவை வருகிறது. தற்செயலாக என்றால் ஒரு தடவை வந்திருக்கலாம். இந்த ஜிஏடிசியில் உள்ள ஏ எழுத்தின்மேல் டாம் என்ற நொதி ஒரு மெத்தில் முத்திரை குத்திவைக்கும். சாதாரணமாக இரண்டு இழைகளிலும் முத்திரை இருக்கும். நகலெடுப்பு கடந்துபோனதும் பழைய இழையில் முத்திரை இருக்கிறது, புதிய இழையில் இன்னும் இல்லை. இந்த அரைகுறை நிலையைத்தான் செக்-ஏ என்ற புரதம் தேடுகிறது. கண்டதும் வந்து ஒட்டிக்கொண்டு ஓரிசியை மூடிவிடுகிறது. டாம் நொதியும் உள்ளே வரமுடியாது, டிஎன்ஏ-ஏவும் வரமுடியாது. செல் சுழற்சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் இப்படிப் பூட்டிக் கிடக்கும். புதிய டிஎன்ஏ என்பதற்கான அடையாளமே பூட்டாகவும் பயன்படுகிறது.

இரண்டாவது, எச்டிஏ என்ற புரதம். ஓடிக்கொண்டிருக்கும் பாலிமரேஸை டிஎன்ஏவோடு பிணைத்து வைக்கும் வளையத்தோடு இது சேர்ந்துகொண்டு, டிஎன்ஏ-ஏ வைத்திருக்கும் ஏடிபியை உடைக்கத் தூண்டுகிறது. நகலெடுப்பு நடக்கிறது என்பதே அடுத்த தொடக்கத்துக்குத் தடை. மூன்றாவது, டேட்-ஏ என்ற டிஎன்ஏ பகுதி. டிஎன்ஏ-ஏ மூலக்கூறுகள் பல அங்கே போய் உட்கார்ந்து, அங்கேயும் ஏடிபியை இழக்கின்றன.

ஈ. கோலை 20 நிமிடத்தில் பிரிகிறதாமே, 40 நிமிட வேலையை எப்படி முடிக்கிறது?

முடிக்காமலேயே அடுத்ததைத் தொடங்கிவிடுகிறது. 1968-இல் கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் இதைத் தெளிவாக்கினார்கள். நகலெடுக்க 40 நிமிடம், அதன்பின் பிரிய 20 நிமிடம், ஆக மொத்தம் 60. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் செல்லில், இப்போது நடக்கும் பிரிவுக்கான நகலெடுப்பு மூன்று தலைமுறைக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஓடும் கவைகளுக்குப் பின்னால் புதிய கவைகள், அவற்றுக்குப் பின்னால் இன்னும் புதியவை. ஒரே செல்லில் பல ஓரிசிகள் இருந்தாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சுழற்சிக்கு ஒரு தடவைதான்.

நம் செல்களுக்கு இந்த வசதி கிடையாது. எடுத்த வேலையை முடித்து, பிரிந்த பிறகே அடுத்தது.

நம் செல்களில் 'ஏற்கனவே நகலாகிவிட்டது' என்பது எப்படித் தெரியும்?

இதற்கு இரண்டு பழைய சோதனைகளைச் சொல்லியாக வேண்டும்.

1970-இல் போட்டு ராவும் ராபர்ட் ஜான்சனும் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹீலா என்ற மனித செல்களை இரண்டிரண்டாக ஒட்டவைத்தார்கள். ஒரே உடலுக்குள் இரண்டு உட்கருக்கள். நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்லை, அதாவது எஸ் கட்டத்தில் இருப்பதை, இன்னும் தொடங்காத ஜி1 செல்லோடு ஒட்டியபோது ஜி1 உட்கருவும் சீக்கிரமே நகலெடுக்க ஆரம்பித்தது. எஸ் கட்டச் செல்லில் 'தொடங்கு' என்ற கட்டளை சைட்டோபிளாசத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதே எஸ் செல்லை, நகலெடுத்து முடித்த ஜி2 செல்லோடு ஒட்டியபோது ஜி2 உட்கரு அசையவே இல்லை. கட்டளை காதில் விழுகிறது, ஆனால் எழ முடியவில்லை. ஆக, நகலாகாத டிஎன்ஏவிடம் ஏதோ ஒன்று இருக்கிறது, நகலான டிஎன்ஏவிடம் அது இல்லை.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்ற கேள்விக்கு 1988-இல் ஜூலியன் புளோவும் ரான் லாஸ்கியும் ஒரு பெயர் கொடுத்தார்கள்: உரிமம். தவளை முட்டைச் சாற்றில் உட்கருவைப் போட்டால் அது ஒரு தடவை நகலாகி நின்றுவிடும். அதன் உறையில் ஓட்டை போட்டுப் புதுச் சாற்றில் விட்டால் இன்னொரு தடவை நகலாகும். உட்கரு உறையைத் தாண்ட முடியாத ஒரு காரணி இருக்கிறது, செல் பிரியும்போது உறை கரையும் நேரத்தில் அது டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது, நகலெடுப்பில் செலவாகிவிடுகிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். உறையைப் பற்றிய பகுதி எல்லா உயிருக்கும் பொருந்தவில்லை. ஈஸ்டின் உட்கரு உறை கரைவதே இல்லை, ஆனாலும் அது ஒரே தடவைதான் நகலெடுக்கிறது. மையக் கருத்து மட்டும் அப்படியே நின்றது. உரிமம் முன்கூட்டியே தரப்படும், பயன்படுத்தினால் தீர்ந்துவிடும்.

அந்த உரிமம் என்பது என்ன பொருள்?

எம்சிஎம் என்ற வளையம். எம்சிஎம்2 முதல் எம்சிஎம்7 வரை ஆறு புரதங்கள் சேர்ந்தது. இதை டிஎன்ஏவில் மாட்டும் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

முதலில் ஓஆர்சி டிஎன்ஏவைக் கவ்வி உட்கார்ந்திருக்கும். சிடிசி6 என்ற புரதம் வந்து அதன் பக்கத்து இடைவெளியை நிரப்பும். எம்சிஎம் வளையம் தனியாக வருவதில்லை, சிடிடி1 என்ற புரதம் அதைக் கூட்டிவரும். வளையத்தில் எம்சிஎம்2க்கும் எம்சிஎம்5க்கும் நடுவே ஒரு கதவு. அந்த இடுக்கு வழியாக இரட்டை இழை உள்ளே நுழையும், ஏடிபி செலவாகும், கதவு சாத்திக்கொள்ளும். அப்புறம் இரண்டாவது வளையம் இதேபோல வந்து முதலாவதோடு முகத்தோடு முகம் வைத்துப் பொருந்தும். இப்படி இரண்டு வளையம் ஜோடியாக மாட்டப்படுவதை 2009-இல் தூய்மைப்படுத்திய புரதங்களை மட்டும் வைத்துக் காட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, மாட்டப்பட்ட வளையம் எதையும் பிரிப்பதில்லை. ஹெலிகேஸ் ஆகப்போகும் இயந்திரம்தான், ஆனால் இழைகள் இரண்டையும் சுற்றிச் சும்மா கிடக்கிறது. பாக்டீரியா முதலில் இழையைத் திறந்து பிறகு ஹெலிகேஸை மாட்டுகிறது. நம் செல்கள் முதலில் மாட்டிவிட்டு, பல மணி நேரம் காத்திருந்து, பிறகு திறக்கின்றன.

அப்படிக் கிடக்கும் வளையத்தை எழுப்புவது எது?

இரண்டு கைனேஸ் நொதிகள். புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டவைப்பதுதான் அவற்றின் வேலை. ஒன்று டிடிகே, மற்றொன்று சிடிகே. டிடிகே நேராக எம்சிஎம்மின் வால்களில் பாஸ்பேட் ஒட்டும். அந்த இடத்தில் எஸ்எல்டி3 என்ற புரதம் வந்து அமர்ந்து, சிடிசி45 என்ற இன்னொரு புரதத்தைக் கொண்டுவரும். சிடிகே வேறு இடத்தில் வேலை செய்யும். எஸ்எல்டி2 என்ற புரதம், எஸ்எல்டி3 இரண்டிலும் பாஸ்பேட் ஒட்டினால், டிபிபி11 என்ற புரதம் இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஜின்ஸ் என்ற நான்கு புரதக் கூட்டும் வந்து சேரும். ஈஸ்டில் சிடிகே செய்ய வேண்டிய அத்தியாவசியமான வேலை இந்த இரண்டு புரதங்கள்மேல்தான் என்பது 2007-இல் உறுதியானது. மனித செல்லிலும் இதே நாடகம்தான், பாத்திரங்களின் பெயர் மட்டும் வேறு.

சிடிசி45, எம்சிஎம், ஜின்ஸ் மூன்றும் சேர்ந்ததுதான் ஓடும் ஹெலிகேஸ். கடைசியாக எம்சிஎம்10 என்ற தனிப் புரதம் வந்து தொட்டதும் வளையங்கள் பிரிகின்றன, ஒவ்வொன்றும் ஒரு இழையை வெளியே தள்ளிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்கிறது. இதில் ஒரு விசித்திரம். இரண்டு வளையங்களும் விலகி ஓடுவதற்குப் பதிலாக ஒன்றையொன்று கடந்து ஓடுகின்றன. ஒரு வளையம் மட்டும் விழித்து மற்றது தூங்கினால் கடக்க முடியாது, வண்டி நகராது. இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு, எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

2015-இல் ஜான் டிஃப்லியின் ஆய்வகத்தில் இந்தத் தொடக்கம் முழுவதையும் செல்லே இல்லாமல் குழாயில் நடத்திக் காட்டினார்கள். அதற்கு 16 காரணிகள் தேவைப்பட்டன. தனித்தனிப் புரதச் சங்கிலிகளாக எண்ணினால் 42.

சரி, ஓடிய பிறகு புது வளையம் ஏன் மாட்டப்படுவதில்லை?

எழுப்பும் அதே சிடிகேதான் மாட்டுவதையும் தடுக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

செல் பிரிந்து முடியும்போது சிடிகேயின் அளவு தரைதட்டிப் போகும். அந்த நேரத்தில் மட்டும் எம்சிஎம் வளையங்களை மாட்டலாம், ஆனால் எதையும் எழுப்ப முடியாது. ஜி1 முடிவில் சிடிகே ஏறும். அப்போது மாட்டியவற்றை எழுப்பலாம், ஆனால் புதிதாக மாட்ட முடியாது. அடுத்த பிரிவு முடியும்வரை சிடிகே இறங்காது. ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கும் வழியில்லை. ஒரு புள்ளி ஓடிவிட்டால் அதன் வளையம் போய்விட்டது, புது வளையம் கிடைக்கும் காலமும் முடிந்துவிட்டது. ராவ், ஜான்சன் சோதனையில் ஜி2 உட்கரு ஏன் எழவில்லை என்பதற்கு விடை இதுதான்.

தடுப்பது எப்படி? ஒரே பூட்டா?

ஈஸ்டில் மூன்று. சிடிகே ஓஆர்சியில் பாஸ்பேட் ஒட்டி அதை முடக்கும். சிடிசி6-ஐ அழிவுக்கு அனுப்பும். எம்சிஎம்மையும் சிடிடி1-ஐயும் உட்கருவை விட்டே வெளியேற்றும். 2001-இல் வந்த ஒரு ஆய்வில் மூன்றையும் ஒருசேர உடைத்தபோதுதான் மறு நகலெடுப்பு கண்ணில் தெரிந்தது. அப்போதும் முழு டிஎன்ஏவும் இரண்டு மடங்காகவில்லை, சில பகுதிகள் மட்டுமே.

நம் செல்களில் சிடிடி1 மேல்தான் கண். 1998-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஜெமினின் என்ற புரதம் சிடிடி1-ஐக் கட்டிப்பிடித்து வேலை செய்ய விடாமல் வைக்கிறது. அதோடு, ஓடும் கவைகளில் இருக்கும் பிசிஎன்ஏ வளையத்தில் சிடிடி1 போய் ஒட்டினால், அங்கேயே அதற்கு அழிவு முத்திரை குத்தப்படுகிறது. பாக்டீரியாவின் எச்டிஏ நினைவுக்கு வருகிறதா? அங்கேயும் பாலிமரேஸின் வளையம், இங்கேயும் அதே வகை வளையம். புரதங்கள் வேறு, தந்திரம் ஒன்று.

இத்தனை பூட்டு எதற்கு என்றால், புள்ளிகள் பல்லாயிரம். ஒரு பூட்டு ஆயிரத்தில் ஒரு தடவை தவறினாலும் ஒவ்வொரு சுழற்சியிலும் பத்து இருபது இடத்தில் தப்பு நடந்துவிடும். தனித்தனியாகத் தவறக்கூடிய பூட்டுகளை அடுக்கினால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் தவறும் வாய்ப்பு மிகச் சிறிதாகும்.

ஜி1-இலிருந்து எஸ் கட்டத்துக்குப் போகலாம் என்று முடிவெடுப்பது யார்?

வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் செய்திகள். அவை சைக்ளின் டி என்ற புரதத்தை ஏற்றும், அது தன் கைனேஸோடு சேர்ந்து ஆர்பி புரதத்தின் பிடியைத் தளர்த்தும். ஆர்பி பிடித்து வைத்திருந்த இ2எஃப் விடுபட்டு, சைக்ளின் இ, சிடிசி6, எம்சிஎம் போன்றவற்றின் மரபணுக்களை இயக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் வெளிச் செய்தி நின்றாலும் செல் திரும்பிப் பார்க்காது. அந்தக் கட்டத்தை 1974-இல் ஆர்தர் பார்டி சுட்டிக்காட்டினார். பிரிவதையே நிறுத்திவிட்ட செல்களில் சிடிசி6, எம்சிஎம் எல்லாம் மங்கிப்போயிருக்கும்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் தொடங்குமா?

இல்லை. தளர்வான, மரபணுக்கள் சுறுசுறுப்பாகப் படிக்கப்படும் பகுதிகள் முதலில். இறுக்கமாகச் சுருண்ட பகுதிகள் கடைசியில். பெண்களின் செல்லில் அணைத்து வைக்கப்பட்ட எக்ஸ் குரோமோசோம் தாமதமாகத்தான் நகலாகும். இந்த வரிசைக்கு ஒரு காரணம் பற்றாக்குறை. எஸ்எல்டி3, சிடிசி45 மாதிரி எழுப்பும் காரணிகள் எல்லாப் புள்ளிக்கும் ஒரே நேரத்தில் போதாது, முதல் அலை முடிந்து விடுபட்டால்தான் அடுத்ததற்குக் கிடைக்கும். இன்னொரு காரணம் ரிஃப்1 என்ற புரதம். அது ஒரு பாஸ்பேட் நீக்கும் நொதியைக் கூட்டிவந்து, டிடிகே ஒட்டியதைக் கழற்றிவிடும்.

மாட்டிய வளையம் எல்லாமே பயன்படுமா?

பெரும்பாலானவை பயன்படுவதில்லை. பக்கத்துப் புள்ளியிலிருந்து வரும் கவை அவற்றைத் துடைத்துக்கொண்டு போய்விடும். வீண் என்று தோன்றும், ஆனால் எஸ் கட்டத்தில் புது வளையம் மாட்ட முடியாது என்பதை யோசியுங்கள். நடுவழியில் இரண்டு கவைகள் எதிரெதிரே சிக்கி நின்றுவிட்டால் இடையில் உள்ள துண்டைக் காப்பாற்ற, அங்கே முன்பே மாட்டி வைத்த வளையம் ஒன்று எழுந்தாக வேண்டும். எம்சிஎம்மைக் குறைத்துவிட்டால் சாதாரண நாளில் செல் சமாளித்துவிடும். கவைகளைத் தாமதப்படுத்தும் ஹைட்ராக்சியூரியா கொடுத்தால்தான் திணறும்.

டிஎன்ஏவில் சேதம் இருந்தால்?

ஏடிஆர், சிஎச்கே1 என்ற கைனேஸ் தொடர் விழித்து, இன்னும் தொடங்காத புள்ளிகளை நிறுத்தி வைக்கும். ஈஸ்டில் ராட்53 என்ற கைனேஸ் எஸ்எல்டி3-ஐயும் டிடிகேயின் துணைப்புரதத்தையும் முடக்குவது தெளிவாகத் தெரிந்த விஷயம். சிக்கிய கவைக்குப் பக்கத்தில் மட்டும் உதிரி வளையங்கள் எழ அனுமதி உண்டு.

'ஒரே தடவை' என்ற விதியை மீறும் செல்கள் உண்டா?

உண்டு, வேண்டுமென்றே. பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்கள் பிரியாமலே திரும்பத் திரும்ப நகலெடுத்து, ஒரு குரோமோசோமுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை அடுக்கி வைக்கின்றன. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே பட்டை பட்டையாகத் தெரியும். நம் எலும்பு மஜ்ஜையில் இரத்தத் தட்டுகளை உண்டாக்கும் பெரிய செல்களும் இப்படித்தான். ஆனால் இவையும் பூட்டை உடைப்பதில்லை. பிரிவைத் தவிர்த்துவிட்டு, சிடிகேயை மட்டும் ஏற்றி இறக்கி, ஒவ்வொரு சுற்றிலும் முறைப்படி உரிமம் வாங்குகின்றன.

முறையே இல்லாமல் மீறுபவை வைரஸ்கள். எஸ்வி40 வைரஸின் டி-ஆன்டிஜன் என்ற ஒரே புரதம் தொடக்கப் புள்ளியை அடையாளம் காணவும் செய்யும், ஹெலிகேஸாக ஓடவும் செய்யும். ஓஆர்சியும் வேண்டாம், எம்சிஎம்மும் வேண்டாம். ஒரே எஸ் கட்டத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் நகலெடுக்கும்.

இது கெட்டால் என்ன நோய் வரும்?

ஓஆர்சி1, ஓஆர்சி4, ஓஆர்சி6, சிடிடி1, சிடிசி6 ஆகிய மரபணுக்களில் வரும் குறைகள் மையர்-கோர்லின் நோய்க்குறிக்குக் காரணம் என்று 2011-இல் தெரிந்தது. குறைந்த உயரம், சிறிய காதுகள், முழங்கால் சில்லு சிறுத்திருப்பது அல்லது இல்லாமலே போவது, இவை அதன் அடையாளங்கள். உரிமம் போதாமல் செல்கள் மெதுவாகப் பெருகுவதால் உடல் சிறுத்துவிடுகிறது என்று பொதுவாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

புற்றுநோயில் கதை எதிர்த்திசையில் போகும். சைக்ளின் இ அளவுக்கு மீறினால் ஜி1 சுருங்கி, வளையங்கள் போதுமான அளவு மாட்டப்படும் முன்பே செல் எஸ் கட்டத்துக்குள் தள்ளப்படுகிறது. பிறகு விடுபட்ட இடங்கள், முறிவுகள். பிரியும் செல்லில் மட்டும் எம்சிஎம் நிறைந்திருப்பதால், திசு மாதிரியில் அதைச் சாயமேற்றிப் பார்ப்பது பெருகும் செல்களைக் கண்டுபிடிக்க உதவுகிறது. டிடிகேயைத் தடுக்கும் மருந்துகளும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

இதையெல்லாம் உயிருள்ள செல்லில் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். 2008-இல் ஜப்பானில் மியாவாக்கியின் குழு இதற்கு ஒரு அழகான வழி செய்தது. சிடிடி1-இன் ஒரு துண்டோடு சிவப்பாக ஒளிரும் புரதத்தையும், ஜெமினினின் ஒரு துண்டோடு பச்சையாக ஒளிரும் புரதத்தையும் ஒட்டவைத்தார்கள். சிடிடி1 இருக்கும் நேரத்தில் ஜெமினின் இருக்காது, ஜெமினின் வந்தால் சிடிடி1 அழியும். அதனால் வளையம் மாட்டும் காலம் முழுக்க உட்கரு சிவப்பு. நகலெடுப்பு தொடங்கும் தறுவாயில் இரண்டும் கொஞ்ச நேரம் கலந்து மஞ்சள். அதன்பின் பச்சை, செல் பிரியும்வரை. பிரியும்போது பச்சை சட்டென்று அணைந்து, இரண்டு மகள் செல்களும் சிறிது நேரம் நிறமில்லாமல் கிடக்கும். பிறகு இரண்டிலும் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறும்.